படம் 4.3

பொகவந்தலாவையில் எனக்கு சிக்னல் கிடைப்பது
தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில்தான்.
அங்கே நின்று இறக்கினேன்:
நாலாயிரம் புள்ளி அகலம்.
உரிமம்: பெயர் சொன்னால் போதும்,
விற்காதே, வெட்டாதே.

எடுத்தவர் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது.
நான் பார்த்த தேதியையும் சேர்த்து
அடிக்குறிப்பு எழுதினேன்,
காற்புள்ளி பிசகாமல்.
தலைப்பு மட்டும் அவர் வைத்தது:
கொழுந்து பறிக்கும் பெண், இலங்கை.

பெண்ணை எனக்குத் தெரியும்.
மேல் டிவிஷன், ஏழாம் லயம், அடைக்காயி.
அவரிடம் கேள் என்று
உரிமத்தில் ஒரு வரியும் இல்லை.
சட்டப்படி எல்லாம் சரி.

போனைக் கொடுத்தேன்.
ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு
இரண்டு விரலால் பெரிதாக்கினார்,
முகத்தை அல்ல,
கூடையை.

"இது என் கூடை இல்ல.
அன்னிக்கு எனக்குப் புல்லுவெட்டு.
தொரை ஒருத்தர் கேட்டாருன்னு
மாட்டிவிட்டாங்க.
கொழுந்து மலை அந்தப் பக்கம்."

பேரு போடவா என்றேன்.
"போடு. இனிஷியலோட."

வெட்டாதே என்றது உரிமம்.
வெட்டவில்லை.
படத்துக்குக் கீழே ஒரு வரி கூட்டினேன்:
மு. அடைக்காயி, நேர்ப்பேச்சு, மார்ச் 9.
கூடை இரவல்.

மேற்பார்வையாளர் அந்த வரியை மட்டும் வளைத்து
சிவப்பில் எழுதியிருக்கிறார்:
ஆதாரம்?