உறை ஒன்று, தட்டு ஒன்று

மாலுமிகள் நிதிக்கான தர்மக் கடை
திறக்க இன்னும் ஆறு நிமிடம்.
கிரிம்ஸ்பியின் சனிக்கிழமைக் காற்று
மீன் ஆலையிலிருந்து என்னோடு நடந்தே வந்திருக்கிறது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளெனிஸ்
யாரோ கொடுத்த கோப்பைகளுக்கு
விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.
இந்தப் பக்கம் நானும் ஹோல்ட்பியும்.
நான்கு வருடமாக ஒரே கதவு.
பேசியதில்லை.
ஒரே துறையில் தூண்டில் போடுகிறவர்கள்
மீனைப் பற்றிப் பேசுவதில்லை.

உள்ளே, முழங்கால் உயரத்தில்,
ஜிக்சா புதிர்களுக்கும் ஷூக்களுக்கும் நடுவே
மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள்.
அவர் இடமிருந்து, நான் வலமிருந்து.
விரல்தான் முதலில் படிக்கும்:
இது ஈரம் குடித்த அட்டை,
இது பூனை நகம் தீட்டியது,
இது ஒருமுறையும் திறக்கப்படாத கிறிஸ்துமஸ்.
ஹவாய் கிட்டார். மறுபடியும் ஹவாய் கிட்டார்.
இந்த ஊரில் எத்தனை பேர்
ஹவாயை வாங்கிவிட்டு மனம் மாறியிருக்கிறார்கள்!
உடல் மெலிய உடற்பயிற்சி, பாகம் இரண்டு.
பாகம் ஒன்று இதுவரை கிடைத்ததே இல்லை.

மற்றவர்கள் வைக்கோற்போரில் ஊசி தேடுவார்கள்.
நாங்கள் ஊசியை வீட்டில் வைத்துவிட்டு வந்து
வைக்கோலைத் தேடுகிறவர்கள்.

மார்ச்சில் எனக்கு ஒரு பித்தளை வாத்தியக் குழு.
கப்பல்துறைத் தொழிலாளர்கள், 1968.
உறையில் பத்தொன்பது மீசை, ஓர் ஆடு.
எழுபத்தைந்து பென்ஸ்.
வீட்டுக்கு வந்து உருவினால் உள்ளே வேறு தட்டு:
ஹம்பர் முகத்துவாரத்துப் பறவைகள்.
கைக்கு எட்டியது காதுக்கு எட்டவில்லையே என்று
கோபத்தோடுதான் ஊசியை இறக்கினேன்.

முதலில் சரசரப்பு.
தூசியா, அன்றைய மழையா, தெரியவில்லை.
பிறகு ஒரு கர்லூ.
கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல்
அதையே மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனது.
அப்புறம் ஒரு மனிதர் இருமினார்.
பறவை கலைந்துவிடக் கூடாதே என்று
வாயைப் பொத்திக்கொண்டு இருமிய இருமல்.
மூன்று வாரம், ஷிப்ட் முடிந்து வந்து
அந்த இருமலுக்காகவே போட்டேன்.

ஏப்ரலில் ஹோல்ட்பி கிளெனிஸிடம் கேட்டார்.
கையில், சேறும் வானமும் அச்சிட்ட உறை.
"பதினோரு வருடமாகத் தேடியது.
உள்ளே பார்த்தால் ஏதோ எக்காளம்."
கிளெனிஸ் உதட்டைப் பிதுக்கினாள்.
நான் ஒரு ஹவாய் கிட்டாரின் பின்னட்டையை
உலகில் எவரும் படித்திராத கவனத்தோடு படித்தேன்.

அன்றிரவு பறவை பாடவில்லை என்றால் பொய்.
நன்றாகவே பாடியது.
இருமல்தான் என் பக்கம் திரும்பியது போலிருந்தது.

கொடுத்துவிடலாம்.
கொடுத்தால் நன்றி சொல்வார்,
பிறகு காலை வணக்கம் தொடங்கும்,
வானிலை, முழங்கால் வலி.
அது மட்டுமில்லை.
பதினோரு வருடம் தேடியவர் கையில்
அதைத் தூக்கிக் கொடுப்பது களவு.

அடுத்த சனி
அவர் தொப்பியிலிருந்து மழையை உதறும் நேரத்துக்குள்
கோட்டுக்குள் இருந்ததை எடுத்து
இடப்பக்கப் பெட்டியில், கிறிஸ்துமஸ்களுக்குப் பின்னால்,
அவர் மட்டுமே குனியும் ஆழத்தில் செருகினேன்.
வெள்ளைக் காகித உறை. பெயரில்லை.
பொருளை வைத்துவிட்டுப் போகிற திருடன்
எப்படி நடக்க வேண்டுமென்று தெரியாததால்
கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சத்தம் போடவில்லை.
அட்டைகளில் ஓடிக்கொண்டிருந்த டக் டக் நின்றது,
அவ்வளவுதான்.
விரல் நிற்கும் அந்த ஒரு கணம்.
அதற்காகத்தான் நாங்கள் வருவதே.
ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார்.
கீறல்களை எண்ணினார்.
அதில் ஒன்று என்னுடையது.
"உறை இல்லை, ஐம்பது பென்ஸ் கொடுங்கள்" என்றாள் கிளெனிஸ்.
பேரம் பேசினார், பாவி!
நாற்பதுக்கு முடிந்தது.

என் பித்தளைக் குழு இன்னும் வரவில்லை.
வெற்று உறையில்
பத்தொன்பது மீசையும் ஆடும்
மூச்சை இழுத்துப் பிடித்தபடி.
சனிதோறும் வலப்பக்கப் பெட்டியில்
கிறிஸ்துமஸ்களுக்குப் பின்னாலும் பார்க்கிறேன்.
ஒருவேளை அவருக்கு
எக்காளம் பிடித்துப்போயிருக்கலாம்.