பெயருக்கு நேரே

பங்கு ஏட்டைச் சாக்கில் சுற்றி
சைக்கிளில் வந்தார் உபதேசியார் மிக்கேல்பிச்சை.
பாசி காயப்போட்ட மணலை மிதிக்காமல்
வளைத்துக்கொண்டு வந்தார்.
அதற்கு நன்றி.

"எமரென்சி, உன் பேருக்கு நேரே என்ன எழுத?
பூசைக்கு வந்து ரெண்டு வருசமாச்சு.
வரியும் கட்டல. சாமியார் கேக்குறாரு.
எந்தச் சபைக்குப் போற?"

எங்கும் போகவில்லை என்றேன்.
பாம்பனில் அதற்குச் சொல் இல்லை.
அல்லேலூயாவுக்குப் போனவளுக்கு உண்டு,
கல்யாணத்துக்காக மாறினவளுக்கு உண்டு,
கோபித்துக்கொண்டு திருவிழாவுக்கு வராதவளுக்கும் உண்டு.
ஒரு வாசலை விட்டிறங்கி
மறு வாசல் ஏறாமல்
வெயிலில் நிற்கிறவளை
என்னவென்று கூப்பிட?

காரணம் கேட்டார்.
கடல் யாரையும் கொண்டுபோகவில்லை என்னிடமிருந்து.
எஸ்தாக்கி குடிக்கிறவன் இல்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெபமாலையில்,
நாலாம் தேவ ரகசியத்துக்கு நடுவே
வார்த்தையெல்லாம் வெறும் சத்தமாகிவிட்டது,
முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி.
உதறிப் பார்த்தேன்.
ஒரு தவக்காலம் முழுக்கத் துடைத்துப் பார்த்தேன்.

ஏட்டைப் பின்னுக்குப் புரட்டினார்.
தாள் அப்பளமாய் நொறுங்கும் பக்கத்தில்
தொம்மை மகன் கபிரியேல், சங்கு குளிப்பு.
நேரே கறுப்பு மையில்: பதிதன்.
"விழுந்தவன்னு அர்த்தம். விசுவாசத்துல இருந்து."

நான் பாசிக்காரி.
எனக்குப் பதிதல் என்றால்
நங்கூரம் சேற்றில் பதிவது,
பாறை முனை உள்ளங்கையில் பதிவது.
விழுந்தவனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவர்
கடலுக்கு வந்திருக்கமாட்டார்.

"அப்ப எனக்கு?"
பென்சிலை நாக்கில் நனைத்தார்.
ப எழுதினார். தி எழுதினார்.
நின்றுவிட்டார்.

ஆணுக்குப் பதிதன்.
பெண்ணுக்குப் பதிதை என்று எழுதினால்
சாமியை விட்டவள் என்று எவரும் படிக்கமாட்டார்கள்;
புருசனை ஏய்த்தவள் என்றே படிப்பார்கள்.
கபிரியேல் மாறினால் மனசு,
நான் மாறினால் உடம்பா?
சிரித்துவிட்டேன்.
அவருக்குக் காது சிவந்தது.
என் ஞானஸ்நானத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவர்.

"கல்லறைத் தோட்டத்துல நாளைக்கு ஒரு எடம்னா..."
முடிக்கவில்லை.
எழுதிய இரண்டெழுத்தை விரலால் தேய்த்தார்.
கறை பெரிதானது.
சாக்கைச் சுற்றிக்கொண்டு போனார்,
போகும்போதும் பாசியை மிதிக்காமல்.

மறுநாள் அமாவாசைக் கணக்கு தொடங்கியது.
விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டு கட்டி
குருசடைப் பக்கம்,
வனத்துறைப் படகு இல்லாத ஓரமாக இறங்கினோம்.
நீவாடு இழுத்தது.
மரிக்கொழுந்துப் பாசி ஒரு கைப்பிடிக்கு
மூச்சு முழுதும் செலவானது.

மேலே வந்ததும்
கை தானாக நெற்றிக்குப் போனது,
நெஞ்சுக்கு இறங்கியது,
இடது தோளில்
நின்றது.

சலேத்து பார்த்துவிட்டாள்.
"என்னடி, பாதியில?"

தோளில் பாசி ஒட்டியிருந்தது என்றேன்.
இல்லாத பாசியைத்
தட்டிவிட்டேன்.