ப, ம

தர்மபுரியில் என் வாயை யாரும் பார்த்ததில்லை.
கேட்டிருக்கிறார்கள்.
புறநகர்ப் பேருந்து நிலையம், கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால்
ஆளுயரக் கூண்டு. மைக். ஓடாத ஃபேன்.
பாலக்கோடு, மாரண்டஹள்ளி, பாப்பாரப்பட்டி, பென்னாகரம்...
இந்த ஜில்லாவில் பாதி ஊருக்கு
உதட்டைச் சேர்க்காமல் வண்டி கிளம்பாது.

தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கக் கிருஷ்ணகிரி.
செல்போன் கடைக்கு மேல் மாடி, கண்ணாடிக் கதவு.
டாக்டர் ஃபர்ஹானா வெள்ளைப் பென்சிலால்
மேலுதட்டுக்கு மேலே கோடு கோடாகத் தொட்டு,
"சிகரெட் பழக்கம் உண்டா?
சும்மா கேட்கிறேன், இந்தக் கோடெல்லாம் அவங்களுக்குத்தான் வரும்."

இல்லை என்றேன்.
இல்லை சொல்ல உதடு சேர வேண்டியதில்லை.

நாங்கள் குடித்தது போர் தண்ணீர்.
ஒகேனக்கல் குழாய் எங்கள் தெருவுக்கு வருவதற்குள்
என் பற்கள் முளைத்து, விழுந்து, மறுபடி முளைத்து
தகரத் துருவின் நிறத்துக்குப் போய்விட்டன.
ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ இருக்கிறது.
முப்பத்தாறு பேர், முப்பத்தாறு வாயும் மூடி
துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி நிற்கிறோம்.
இருபத்தெட்டு வருஷம் இழுத்து மூடினால்
துணியிலும்தான் சுருக்கம் விழும்.

சிரியுங்க என்றதும் காட்டினேன்.
அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.
"பாலக்கோட்டுப் பக்கமா?"
அவ்வளவுதான் கேட்டாள்.

இரண்டு வழி இருக்கிறதாம்.
நாலு சொட்டு மருந்தில் மேலுதட்டுத் தசையைத் தூங்க வைத்தால்
உதடு தானே வெளியே மலரும். செலவும் குறைச்சல்.
"ரெண்டு மூணு வாரம் ஸ்ட்ரா உறிஞ்ச வராது, விசில் வராது,
ப, ம கொஞ்சம் வழுக்கும்.
பேசுற வேலை ஒண்ணும் இல்லையே?"
இன்னொன்று ஜெல். அரை மில்லி, பதினோராயிரம்.
"பிடிக்கலேன்னா கரைச்சுடலாம்."

கரைச்சுடலாம்.
காவேரிப்பட்டணம் தாண்டியும் அந்தச் சொல்லை
வாயில் அதக்கிக்கொண்டே வந்தேன்.
என் வாயில் இதுவரை எதுவும் கரைந்ததில்லை.

முதலில் பல்லைச் சரிபண்ணுடி என்றாள் தங்கை ரேணுகா.
பல்லுக்கு எட்டாயிரம், வெளியே தெரிவது பத்து,
சீட்டு எடுத்தாலும் எட்டாது.
அதுவும் காரணம் இல்லை.
பல் தண்ணீர் கொடுத்தது.
இந்தக் கோடுகள் நான் போட்டவை.

ராத்திரி கண்ணாடி முன்
மேலுதட்டை விரலால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன்:
ஃபாஃபாரஃபட்டி. வொவ்விடி.
அந்த ஊர்களுக்கு எங்கிருந்தும் வண்டி கிடையாது.

ஜெல் என்றேன்.
மரத்துப்போகும் களிம்பு, இருபது நிமிடம்.
வலியைவிடச் சத்தம்தான்,
தோலுக்குள் யாரோ மணலை மிதித்தார்கள்.
பத்து வயதில் மாங்காய்ப் பால் பட்டு
இதே இடம் இதைவிட நன்றாக வீங்கியது.
அப்போது காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் கூண்டு.
உதட்டோரம் இன்னும் நீலம்.
கண்டக்டர் சென்னகேசவன் சன்னல் ஓட்டையில் குனிந்து,
"என்ன மேடம், தேனீ கொட்டிருச்சா?"

ஆமாம் என்றேன்.
ஆமாம் சொல்ல உதடு சேர வேண்டும்,
இரண்டு முறை.

மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன்.
பொம்மிடி வண்டி பத்து நிமிடம் தாமதம்.
உதடுகள் மட்டும்
வழக்கத்தைவிட ஒரு நூல் முன்னதாகவே
சந்தித்துக்கொண்டன.