செவ்வாய்க்கிழமைப் பால்

மூன்று செவ்வாய் தொடர்ந்து பால் திரிந்தது.
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய என் கடையில்,
பாலக்கோட்டுக்கு முதல் வண்டி கிளம்பும் முன்
டிரைவரும் கண்டக்டரும் கை தேய்த்துக் காத்திருக்க,
குண்டானுக்குள் பிய்த்துப் போட்ட பஞ்சு.

மற்ற ஆறு நாளும் ஒன்றுமில்லை.

எதிர்க்கடை கௌரம்மா சொன்னாள்: "கண்ணு பட்டிருக்கு."
இருக்கலாம்.
ஆனால் கண்ணேறை எந்த டம்ளரில் ஊற்றிப் பார்ப்பது?
திரிந்தால், பட்டது.
திரியாவிட்டால், கழிந்தது.
எது நடந்தாலும் தோற்காத பதிலை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய?

என் சந்தேகம் முனிரத்தினத்தின் மேல்.
செவ்வாய் மட்டும் தாமதமாக வருவான்.
முந்தின நாள் பாலைக் கலக்கிறான் என்று கணக்குப் போட்டேன்.
"நாளையிலிருந்து வேணாம்" என்றேன்.
நாலு பேரிடமும் சொன்னேன்.

அடுத்த செவ்வாய், பாக்கெட் பால்.
திரிந்தது.

அன்றே போய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.
பாக்கெட்டும் பழசாக இருக்கலாமே என்று
என் பிடிவாதத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப்
பாத்திரம் கழுவினேன்.

கடன் எழுதும் பலகையில் ஓர் ஓரத்தை ஒதுக்கினேன்.
அடுத்தது தண்ணீர்.
பாலில் நானும் கொஞ்சம் சேர்ப்பேன், டீக்கடை என்றால் அப்படித்தான்.
ஒகேனக்கல் குழாய்த் தண்ணீருக்குப் பதில் கேன் தண்ணீர்.
அதே பாக்கெட், அதே அடுப்பு, அதே குண்டான்.
இரண்டை ஒரே நாளில் மாற்றினால்
எது குற்றவாளி என்று யார் சொல்வது?
திரிந்தது. பெருக்கல் குறி.
ஒரு கேள்விக்கு ஒரு வாரம்.
வாடகை மட்டும் எந்தக் கேள்விக்கும் காத்திருக்கவில்லை.

மறு வாரம் ராயக்கோட்டையில் நாத்தனார் மகளுக்கு நிச்சயம்.
கடைசி பஸ்ஸில் திங்கள் இரவு திரும்பி
கை கால் கழுவாமல் படுத்தேன்.
விடிந்தால் செவ்வாய்.
பால் பொங்கியது, வெள்ளையாய், வழவழவென்று,
விளிம்பைத் தாண்டி அடுப்பை அணைத்தது.

நான் எதையும் மாற்றவில்லையே!
தம்ளரைத் துடைத்தபடி கையை முகர்ந்தேன்.
புளி வாசனை இல்லை.

திங்கள் இரவுதோறும் மறுநாள் பூஜைக்குக்
குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பேன்.
அதே நாரால் பால் குண்டானையும்.
தண்ணீர் சிக்கனத்துக்கு ஒரே சொம்பில் அலசல்.
குண்டானின் விளிம்பு மடிப்பில்
விரல் நுழையாத இடத்தில்
வாரம் ஒரு முறை நானே வைத்த உறை.

இருந்தும் ஒரு நாள் நன்றாக வந்தது சாட்சியில்லை.
வியாழன் விடியலில் இரண்டு சின்னப் பாத்திரம் வைத்தேன்.
ஒன்று புது நாரில் தேய்த்தது, ஒன்று புளி நாரில்.
அரை லிட்டர் அரை லிட்டராய் ஒரே பாக்கெட்டிலிருந்து.
பால் கெட வேண்டும் என்று வேண்டி நின்றது
என் பிழைப்பில் அன்று ஒரு நாள்தான்.

இடது பக்கம் பொங்கியது.
வலது பக்கம் நடுங்கி, ஓரத்தில் சுருங்கி, உடைந்தது.
கை தட்டிவிட்டேன்.
கண்டக்டர் தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தார்:
"பால் கெட்டதுக்கா இப்படிச் சிரிக்கற?"

மாட்டுக் கொட்டகையில் முனிரத்தினம் கன்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.
"தப்பு என்னுது. புளி" என்றேன்.
முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.
"பழைய பால் ஒருநாளும் ஊத்தினதில்ல.
தண்ணி ஊத்தியிருக்கேன். அதையும் எழுதிக்க."

நானும் ஊற்றுகிறேன் என்று சொல்ல வந்து
சொல்லாமல், "காலையில நாலு லிட்டர்" என்றேன்.

பலகையில் அவன் பெயரை அழித்தேன்.
கௌரம்மாவின் கண்ணுக்கு நேரே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
செவ்வாய் மட்டும் அவன் ஏன் தாமதம்
என்று கேட்க மறந்தது
பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.