சிவப்புப் பல்பு

பணகுடிக்கு முன்னாலேயே ஹெட்லைட்
காமாலைக் கண்ணாகிவிட்டது.
ஹாரனை அழுத்தினேன்,
தொண்டை கட்டின ஆட்டுக்குட்டி.
நாகர்கோவிலில் சவாரியை இறக்கிவிட்டு
காலி ஆம்னியில் வருகிறேன்.
இருபுறமும் இருட்டுக்குள் காற்றாலைகள்,
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிவப்புப் புள்ளி
எரிந்து, அணைந்து, எரிந்து.
அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினேன்.
வள்ளியூர் வரை ஒரு லாரியின்
வாலைப் பிடித்துக்கொண்டு.

அதுவரை ஆன செலவு:
புது பேட்டரி நாலாயிரத்து இருநூறு,
பழையதற்குக் கழித்தது போக.
பெல்ட் மாற்றியாயிற்று.
தேய்ந்து பயறளவு நின்ற கார்பன் பிரஷ்ஷை
களக்காட்டு ரோட்டில் ஒருவன்
உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்,
பிள்ளையின் முதல் பல் விழுந்த தகப்பன் மாதிரி.
ரெகுலேட்டர். டயோடு தட்டு.
எர்த் வயரின் பச்சைக் களிம்பைச் சுரண்டி வாஸ்லைன்.
ஊருக்குள் ஓடினால் சார்ஜ் ஏறாது.
நான்குவழிச் சாலையில் ஓங்கி மிதித்தால்
சில நாள் ஏறும்.
"செய்வினையா இருக்கும்" என்றாள் புஷ்பக்கனி.
பில்லையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது
நானும் பாதி நம்பினேன்.

மேலப்பாளையத்தில் மைதீன் பிச்சை
எதையும் கழற்றவில்லை.
கால்வாய்க் கரையில் இன்ஜினை ஓடவிட்டு
பேட்டரியில் மீட்டரை வைத்தார்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
லைட்டைப் போடச் சொன்னார்.
பதினொன்று புள்ளி ஆறு.
"சுத்துது வே. சுத்த மட்டுந்தான் செய்யுது."
இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வைத்து
பத்தாம் நம்பர் ஸ்பேனரை
ஆல்டர்னேட்டர் முகத்தருகே நீட்டினார்.
இழுக்கவில்லை.
"காந்தமே வரல. உசுப்பிவிட
ஒரு சொட்டு கரண்ட் வேணும்.
அது எது வழியா வருதுன்னு நெனைக்கீரு?"

டேஷ்போர்டைத் திறந்து
மீட்டர் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.
வரிசையாகப் பல்புகள்.
நடுவில் ஒரு குழி காலி,
பேட்டரிப் படம் போட்ட இடம்.

"யாரு பிடுங்கினது?"
"முன்னாடி வச்சிருந்தவரு," என்றேன்.
"நாங்குநேரிக்காரரு."
"இருக்கும்," என்றார்.

நாங்குநேரிக்காரர் பாவம்.
போன ஐப்பசியில், பழைய பெல்ட் தளர்ந்திருந்தபோது
அது விடாமல் எரிந்தது.
உவரிக்குப் போன சவாரியில் பின்சீட்டு ஆள்
"டிரைவர், என்னமோ சிவப்பா எரியுதே" என்றார்.
திரும்பும்போதும் கேட்டார்.
திசையன்விளையில் டீக்கு நிறுத்தி
எல்லாரும் இறங்கின பிறகு
கையை உள்ளே விட்டுத் திருகி
முள்ளுக்குள் எறிந்தேன்.
அன்றைக்கு ராத்திரி
வண்டி நன்றாகத்தான் ஓடியது.

புதுப் பல்பு பதினைந்து ரூபாய்.
சாவியைத் திருப்பினதும் எரிந்தது.
ஸ்பேனர் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது,
மைதீன் பிச்சை பிய்த்துத்தான் எடுத்தார்.
இன்ஜின் பிடித்தது, சிவப்பு அணைந்தது.
பதினான்கு புள்ளி இரண்டு.

கூலி ஐம்பது என்றார்.
இருநூறை நீட்டினேன்.
என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு
மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டு முன்னால் இன்ஜினை அணைத்துவிட்டு
சாவியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
புஷ்பக்கனி வந்து
கதவுக் கண்ணாடிக்குள் தலையை நீட்டினாள்.
"இன்னும் சரியாகலையா?
சிவப்பா எரியுதே."
"எரியட்டும்," என்றேன்.