அண்டக்கல்

பள்ளிக்கூடத்துக் காகிதம் சொல்கிறது:
உட்கார மாட்டேன் என்கிறான்.
பாடத்தின் நடுவில் எழுந்து ஓடுகிறான்.
கூப்பிட்டால் திரும்புவதில்லை.
பெரியாஸ்பத்திரிச் சீட்டில் ஒரு நோயின் பெயர்,
பக்கத்தில் கேள்விக்குறி.
அந்தக் கேள்விக்குறியைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்
சிம்மக்கல்லில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்,
ஃபேன் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்காத என் அறைக்கு.

லோகித். ஆறு வயது. செக்கானூரணி.
அம்மா பேச்சியம்மாள்
தீர்ப்புக் கேட்க வந்தவர் மாதிரி
நாற்காலி நுனியில்.
பிள்ளைக்கு என்ன என்றாலும் தாயைப் பிடி என்று
எங்கள் படிப்பும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது.
அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

முதல் வாரம் பொம்மைப்பெட்டியைத் தொடவில்லை.
அடுத்த வாரம் லாரியை எடுத்தான்,
திருப்பி வைத்தான்.
மூன்றாம் வாரம்
சட்டை போட்ட ஆண் பொம்மையை
லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுக்கவைத்தான்.

நான் படித்த புத்தகங்களில்
பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது
விளையாட்டில் அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள்.
எழுதினேன்: தகப்பன்மேல் கோபம்.
அடிக்கோடும் போட்டேன்.

"அவங்கப்பா மெக்கானிக்கு மேடம்."
பேச்சியம்மாளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.
"எந்நேரமும் வண்டிக்கடியிலதான கெடந்தாரு."

எழுதியதை அடித்தேன்.
அடித்த பிறகுதான் காதில் விழுந்தது
கெடந்தாரு.
கெடப்பாரு இல்லை.

ஒரு வினைச்சொல்லின் வால் நுனி,
அவ்வளவுதான் என் பிழைப்பு.

அழகர் மலைக்குத் திரும்பிய அன்று
உசிலம்பட்டி ரோட்டுப் பட்டறையில்
ஜாக்கி சறுக்கியிருக்கிறது.
தூக்குவாளியோடு இவன் வாசலில்.
"பாத்திருக்க மாட்டான் மேடம், சின்னப்புள்ள.
துபாய் போயிருக்காருன்னு சொல்லிவச்சிருக்கோம்."
இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.
அவன் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான்.
முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

லாரியை மறுபடி பார்த்தேன்.
பொம்மையைப் படுக்கவைக்கும் முன்
சக்கரத்துக்கு ஒன்றாக நாலு மரக்கட்டை
அண்டக் கொடுத்திருக்கிறான்.
கடைசிக் கட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறான்,
அசைகிறதா என்று.
என் குறிப்பில் இதுவும் இருக்கிறது:
கட்டை அடுக்குகிறான், வயதுக்கேற்றபடி.

பள்ளிக்குப் போன் போட்டேன்.
எழுந்து எங்கே ஓடுகிறான்?
"வேன் நிக்கிற எடத்துக்குத்தாங்க.
டயருக்கடியில கல்லாப் பொறுக்கிச் சொருகுறான்.
டிரைவர் தெனமும் கத்துறாரு."

படிவத்தில் நோய்க்கு விட்ட இடம்
ஒரு விரல் நீளம்.
ஏதோ எழுதினேன், அவர்களுக்கு ஒன்று வேண்டும்.
பேச்சியம்மாளிடம் சொன்னது வேறு:
அவனிடம் சொல்லிவிடுங்கள். துபாய் வேண்டாம்.
அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.
அடுத்த வாரம் வருவாரா, தெரியாது.

ஆறு மணிக்கு இறங்கினேன்.
வைகை பார்த்துச் சரியும் சந்தில் என் ஸ்கூட்டர்.
பின்சக்கரத்துக்கு அடியில்
இறுக்கிச் சொருகிய அரைச் செங்கல்.

எடுக்கக் கை வரவில்லை.
அரசரடிக்கு பஸ் ஏறிவிட்டேன்.