மூடியை முழுக்கத் திருகாதே

முதலில் வாசம்தான் வந்தது,
கூலண்ட் கொதிக்கும் அந்த அசட்டு இனிப்பு.
பிறகு பானெட் இடுக்கில் வெள்ளை ஆவி.
செக் ஜாவாவிலிருந்து திரும்பும் செம்மண் பாதையில்
ஹோஸ் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

மரங்கள் விலகிய இடத்தில் சாங்கி தெரிந்தது.
ஒரு விமானம் சக்கரம் நீட்டி இறங்கிக்கொண்டிருந்தது.
அதற்குப் பக்கத்தில் லோயாங்.
அங்கே எத்தனை பட்டறை, எத்தனை அலமாரி நிறைய ஹோஸ்!
நடுவில் பத்து நிமிடக் கடல்.
பன்னிரண்டு பேர் சேராமல் படகு கிளம்பாது,
சேர்ந்தாலும் பிக்கப்பை ஏற்றாது.

முதலாளி போனில் சொன்னார்:
எதையும் தொடாதீங்க, வியாழக்கிழமை மிதவை வரும்.
அன்று திங்கள்.

விட்டுவிட்டு நடந்திருக்கலாம்.
பின்னால் மூன்று ரம்பம், இருபது லிட்டர் பெட்ரோல்,
ஹைருலின் சாப்பாட்டு டப்பாவைக் குறிவைத்து
கிளையில் ஏழு குரங்கு.

ஐடிஇ-யில் இரண்டு வருடம் படித்தவள் நான்.
பழுதான பாகத்தை எப்படி மாற்றுவது என்று
கையேடு பார்க்காமல் சொல்வேன்.
மாற்ற ஒன்றுமில்லாதபோது என்ன செய்வது?
அந்த வாரம் நான் லீவு போட்டிருப்பேனோ என்னவோ.

அப்போதுதான் அவள் வந்தாள்,
வாடகை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு,
ஆபீஸ் செருப்பில் சேறு, முகத்தில் மாஸ்க்.
பின்சக்கரம் தரையோடு தரை.
பேர் புவே ஹூன்.
கேட்காமலே சொன்னாள்:
நான் இன்றைக்கு எம்சி. போட்டோ மட்டும் எடுக்காதீங்க.

மொஃபிசுல் அவளைப் பார்க்கவே இல்லை,
சக்கரத்தைத்தான் பார்த்தான்.
மைமன்சிங்கில் ரிக்‌ஷா ஓட்டியவன்.
"டியூப்" என்றான். ஒரே வார்த்தை.

நீளவாக்கில் கிழித்து நாடாவாக்கினான்.
மணலில் தேய்த்தான், பிடிப்பு வரட்டும் என்று.
ஹோஸை என் சட்டை நுனியால் துடைத்தோம்.
ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இழுத்து,
பாதிக்குப் பாதி மேலேற்றி,
ரப்பர் கறுப்பு போய்ச் சாம்பலாகும்வரை இழுத்து.
மேலே ஹைருலின் கேபிள் டை எட்டு.
ஒன்பதாவது அறுந்து குரங்குகளிடம் பறந்தது.

காற்றைக் காப்பாற்றத் தெரியாத டியூப்
தண்ணீரைக் காப்பாற்றுமா?

தண்ணீர் எங்கே?
குடிக்க இருந்தது ஒன்றரை பாட்டில்.
மீதி, எங்கள் டயர் தோண்டிய பள்ளத்திலேயே,
நேற்றைய மழை, மைலோ நிறத்தில்.
புவே ஹூன் மாஸ்க்கைக் கழற்றி நீட்டினாள்.
அதன் வழியே ஊற்றினோம், சொட்டுச் சொட்டாக, ஐந்து லிட்டர்.
மாஸ்க் இல்லாத முகம்
இருமவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

மூடியை முழுக்கத் திருகாதே என்றேன்.
அரைத் திருகு போதும், அழுத்தம் சேரக்கூடாது.
அதுமட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.
பிறகு, ஜப்பானில் பழசாகி வந்த அந்த வண்டியில்
இத்தனை வருடம் யாரும் தொடாத குமிழைத் தொட்டேன்.
ஹீட்டர். முழு வேகம்.
இன்ஜினின் சூட்டை நாங்கள் வாங்கிக்கொள்ள.

முப்பத்திரண்டு டிகிரியில், ஜன்னல் திறந்து,
நாலு பேரும் வெந்து வழிந்து,
மணிக்குப் பத்து கிலோமீட்டர்.
ஊசி சிவப்பை முகர்ந்து பார்க்கும்,
நிறுத்துவோம். இறங்கும். கிளம்புவோம்.
யாரும் பேசவில்லை.
ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு எங்களை முந்திச் சென்றது.

படகுத்துறையை எட்டியபோது மணி ஏழு.
சைக்கிள் கடைக்காரி டியூபுக்கு எட்டு வெள்ளி கேட்டாள்.
ஆளுக்கு இரண்டு.
புவே ஹூன் தன் இரண்டைக் கொடுத்துவிட்டுப்
படகில் ஏறினாள், பன்னிரண்டாவது ஆளாக.

வியாழனன்று மிதவையில் மெக்கானிக் வந்தார்.
கட்டைக் கத்தியால் அறுத்தார், ஒரே கீறல்.
தரையில் விழுந்ததை மொஃபிசுல்
காலால் புரட்டிப் பார்த்தான். உள்பக்கம் ஈரமே இல்லை.

படிவம் என்னிடம் வந்தது.
பயன்படுத்திய பாகம்: சைக்கிள் டியூப், ஒன்று.
பாக எண்:
அங்கே ஒரு கோடு போட்டேன்.
அனுமதித்தவர்:
பேனாவை மூடினேன்.